ஒன்பது டிக் வாங்கிய தீவு

அத்தியாயம் 6

படகுத்துறையின் காத்திருப்புக் கூடத்தில் ஒரு மின்விசிறி சுற்றுகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே மேடம் விழித்திருக்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தாள்.

மேடம் என்பது அவள் பெயரில்லை. துப்பறியும் தொழிலுக்கு வந்த இந்தப் பதினெட்டு வருஷத்தில் வாடிக்கையாளர், போலீஸ், டீக்கடைக்காரர் என்று எல்லோரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். வேறொரு கேஸுக்காக இரண்டு நாள் ஒரு குடோன் வாசலில், காருக்குள், கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குடோனிலிருந்து கடைசியில் வெளியே வந்தது ஒரு பூனை மட்டும்தான். வீட்டுக்குப் போய் அடித்துப் போட்ட மாதிரி தூங்கலாம் என்று இன்று காலை கிளம்பியபோதுதான், ஆபீஸ் வாசலில் அம்மாவைக் காணோமென்று இந்த மகள் அழுதுகொண்டு வந்து நின்றாள்.

"படகு ஒரு மணிக்கு மேடம். இப்பவே பதினொண்ணே முக்கால்," என்றாள் மகள். கையிலிருந்த கைக்குட்டை கயிறாகவே முறுக்கப்பட்டிருந்தது.

"ரெண்டு படகு," என்று திருத்தினார் விசில். "இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. ரெண்டும் ஒரே நேரத்துக்குக் கிளம்பும். டைம் டேபிள் போட்டவனை நான் ஒருநாள் சந்திக்கணும்."

விசில் மேடத்தின் உதவியாளர். வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போயும் விசில் அவர் கழுத்தை விட்டுப் போகவில்லை, வாயும் அடங்கவில்லை.

விஷயம் இதுதான். மகளுடைய அம்மா ஒரு நர்ஸ். முப்பத்தொரு வருஷம் ஒரே ஆஸ்பத்திரி, அத்தனையும் நைட் டூட்டி. கணவர் போன பிறகு, குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருக்க வேண்டுமென்று அவளே கேட்டு வாங்கிக்கொண்ட டூட்டி அது. நாலு மாதத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றாள். வாழ்நாளெல்லாம் உழைத்த அம்மாவுக்கு மகள் ஒரு பரிசு கொடுக்க நினைத்தாள். தீவில், கடற்கரை ரிசார்ட்டில், பத்து நாள். வேறு வேறு தீவிலுள்ள இரண்டு ரிசார்ட்டின் ப்ரோஷரை, நீல அட்டை ஒன்று, மஞ்சள் அட்டை ஒன்று, அம்மா கையில் கொடுத்து, "எதுன்னு நீயே முடிவு பண்ணும்மா" என்றாள்.

நேற்றுக் காலை அம்மாவைக் காணவில்லை. தலையணை மேல் ஒரு துண்டுச் சீட்டு மட்டும் இருந்தது. *எனக்கு இனிமே முடியல. தேடாதீங்க. அம்மா.*

போன் அணைந்திருந்தது. இரண்டு செட் துணி இல்லை. மருந்து டப்பாவிலிருந்த தூக்க மாத்திரைப் பட்டையும் இல்லை. முழுப் பட்டை, பத்து மாத்திரை. பெரிய மனுஷிதானே, ஒருநாள் பொறுத்துப் பாருங்கள் என்று போலீஸில் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

"நீலத்துக்குத்தான் போயிருப்பாங்க மேடம்," என்றாள் மகள் நூறாவது முறையாக. "இதோ பாருங்க, அம்மா எழுதி வெச்சிருக்காங்க."

அது கட்டம் போட்ட ஒரு தாள். நர்ஸ் கையெழுத்து, குண்டு குண்டாக. மேலே நீலம், மஞ்சள் என்று இரண்டு தலைப்பு. இடது பக்கம் வரிசையாக விஷயங்கள்: கிழக்கு ஜன்னல். சூரிய உதயம் பார்க்க எழுப்பிவிடுதல். காலை எட்டு மணிக்கு நீச்சல் குளத்தில் பாட்டு. பத்து மணி முதல் மோட்டார் படகு. பதினோரு மணிக்கு அறை சுத்தம். மெல்லிய வெள்ளைத் திரை. இப்படிப் பத்து வரி. நீலத்துக்குக் கீழே ஒன்பது டிக். மஞ்சளுக்கு ஆறு.

"மஞ்சளுக்கு டெபாசிட் கிடைச்சிடுச்சு," என்றார் விசில்.

மேடம் சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டுமே. "ஒன்பது டிக் போட்ட இடத்துக்கு உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்களே அனுப்பியிருப்பீங்க. அப்புறம் எதுக்கு சொல்லாம கொள்ளாம போகணும்?"

"அதுதான் எனக்கு பயமா இருக்கு," என்றாள் மகள். குரல் உடைந்தது. "திரும்பி வர்ற மாதிரி போறவங்க சொல்லிட்டுத்தானே போவாங்க?"

காலையில் அந்த அம்மாவின் அறையைப் போய்ப் பார்த்தபோதிலிருந்து ஒரு சின்ன விஷயம் வேறு அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. அறைக் கதவின் வெளிப்பக்கம் ஒரு ஆணி. ஆணிக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குப் பெயிண்ட் மட்டும் புதுசு போலப் பளிச்சென்று இருந்தது. பல வருஷமாக எதுவோ அங்கே தொங்கி, சமீபத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது. என்ன இருந்தது என்று கேட்டதற்கு மகள், "ஏதோ பழைய அட்டை மேடம், ஞாபகமில்ல" என்று சொல்லிவிட்டாள். காணாமல்போன அம்மாவை நினைத்துக்கொண்டிருப்பவளிடம் ஆணியைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்?

"நீங்க இங்கயே இருந்து ரெண்டு படகுலயும் யார் ஏறுறாங்கன்னு பாருங்க," என்று மேடம் எழுந்தாள். முழங்கால் இரண்டும் முனகின. "அந்த ப்ரோஷர் கொடுத்த டிராவல்ஸ்காரரைப் பார்த்துட்டு வந்துடறோம். அரை மணி நேரம்."

விசில் ஒரு நீள ஊதல் ஊதினார். கூடத்திலிருந்த நாலு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

*

டிராவல்ஸ் ஆபீஸ் அடுத்த தெருவில், மாடியில். சுவர் முழுக்க நீலக் கடல். அத்தனை கடலுக்கும் நடுவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த டிராவல்ஸ்காரர் பத்து நாளாகக் கடலில் தத்தளித்தவர் போலிருந்தார். மேடம் போனில் அந்த அம்மாவின் படத்தைக் காட்டியதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இந்த சிஸ்டரா? அம்மா தாயே, அவங்களாலதான் எனக்கு பாதி முடி போச்சு."

"மீதி பாதி எங்க?" என்றார் விசில், அவருடைய தலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு.

"மூணு தடவை வந்தாங்க சார். இருபத்தேழு தடவை போன் பண்ணச் சொன்னாங்க. நீல ரிசார்ட் மேனேஜர் இப்ப என் நம்பரைப் பார்த்தாலே எடுக்கறதில்ல. தீவுக்குப் போறவங்க என்ன கேட்பாங்க? கடல் எவ்வளவு தூரம், சாப்பாடு எப்படின்னு கேட்பாங்க. இவங்க கடலைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கல சார்! ஒரே ஒரு வார்த்தை! ரூமைப் பெருக்க எத்தனை மணிக்கு வருவீங்க, கதவைத் தட்டுவீங்களா, வேண்டாம்னு சொன்னா சொன்னபடி கேட்பீங்களா... இதான் கேள்வி."

"கடைசியா எப்ப வந்தாங்க?"

"முந்தாநேத்து. ப்ரோஷர் ரெண்டையும் மேஜையில வெச்சாங்க. 'ரெண்டு கேஸும் மோசம்பா, நீலம் ரொம்ப மோசம்'னாங்க. அஞ்சு நட்சத்திர ரிசார்ட் மேடம் அது. எனக்குக் கோபமே வந்துடுச்சு. உங்களுக்கு என்னதான் வேணும்னு கேட்டுட்டேன். அந்த நாற்காலியில கொஞ்ச நேரம் உட்கார்ந்து தூங்கிட்டு எழுந்து போயிட்டாங்க."

"தூங்கினாங்களா?"

"பட்டப்பகல்ல. குறட்டை வேற."

"நீலம் மோசம்னா சொன்னாங்க? நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"எத்தனை தடவை கேட்டாலும் அதேதான் மேடம்."

ஒன்பது டிக் வாங்கிய தீவு ரொம்ப மோசம். ஆறு டிக் வாங்கியது பரவாயில்லை. மேடம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து தாளைப் பிரித்தாள். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. மேற்படி நாற்காலிக்கு நேரே ஜன்னல். வெயில் நேராகக் கண்ணில் குத்தியது. இரண்டு ராத்திரி தூங்காத கண்ணுக்கு அது மிளகாய்ப்பொடி.

"அந்தத் திரையைக் கொஞ்சம் இழுத்து விடுங்க விசில்."

விசில் இழுத்துவிட்டார். வெயில் ஒன்றும் குறையவில்லை. "திரையா இது? சல்லடை மாதிரி இருக்கு. இதை மாட்டினவன் பகல்ல ஒருநாள்கூடத் தூங்கியிருக்க மாட்டான்."

மேடம் நிமிர்ந்தாள். திரும்பக் குனிந்து ஆறாவது வரியைப் பார்த்தாள். மெல்லிய வெள்ளைத் திரை. டிக். எந்த ஊரில் யார் ஒரு திரை மெல்லிசாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு டிக் போடுவார்கள்?

"விசில், போன வருஷம் உங்களுக்கு ஆபரேஷன் ஆச்சே. கட்டில் கால்மாட்டுல ஒரு சார்ட் தொங்குமே, ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? காய்ச்சல், டிக். வாந்தி, டிக். வலி, டிக். ஏழு டிக்கைப் பார்த்துட்டு டாக்டர் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்னுட்டார். பக்கத்து பெட்காரருக்கு ரெண்டே டிக், ஜம்முனு கிளம்பிட்டார்."

"அப்ப டிக் ஜாஸ்தியானா?"

"ஆள் மோசம்," என்றார் விசில். சொன்ன பிறகுதான் அவர் வாய் தானாக மூடிக்கொண்டது. அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

"முப்பத்தொரு வருஷம் அவங்க டிக் போட்டது இப்படித்தான்," என்றாள் மேடம். "இது பிடிச்சதோட லிஸ்ட் இல்ல. நோயோட லிஸ்ட். கிழக்கு ஜன்னல், காலைப் பாட்டு, மோட்டார் படகு, பதினோரு மணிக்குக் கதவைத் தட்டறது. மகள் இதையெல்லாம் ரிசார்ட்டோட பெருமைன்னு படிச்சிருக்கா. அந்த அம்மா பகல்ல தூங்க ஒரு இடம் தேடியிருக்காங்க. ரெண்டு தீவுலயும் அதுக்கு வழியில்ல."

"அப்ப படகுல ஏறவே இல்லையா?"

மேடம் பதில் சொல்வதற்குள் துறையில் முதல் சங்கு ஊதியது. பன்னிரண்டு ஐம்பது. அவள் போனை எடுத்தாள்.

"நான் நீலப் படகு வரிசையில நிக்கறேன் மேடம்," என்றாள் மகள் எடுத்தவுடன். "நீங்க வர்றீங்களா?"

"ஏறாதீங்க."

"என்ன?"

"ரெண்டுலயும் ஏறாதீங்க. அம்மா இந்த ஊர்லதான் இருக்காங்கன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?" மகள் குரல் கிறீச்சிட்டது. "இதை விட்டா நாளைக்குத்தான் படகு. அம்மாகிட்ட பத்து மாத்திரை இருக்கு மேடம். நீங்க நினைச்சது தப்பாப் போனா?"

தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று மேடத்துக்கும் நன்றாகத் தெரியும். ஒரு கந்தல் தாளும் ஒரு திரையும் தவிர அவளிடம் வேறெதுவும் இல்லை. அந்தக் கணத்தில் இந்தத் தொழிலே வேண்டாமென்று இருந்தது. ஆனாலும் கேட்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. டூட்டி முடிஞ்சு காலையில அம்மா பஸ் ஏறுற இடம் எது?"

"ஆஸ்பத்திரி பின்வாசல். பழைய டிப்போ ஸ்டாப். எதுக்கு?"

விசில் சட்டென்று மேடத்தின் கையைத் தட்டினார். "டிப்போவா? ஸ்டாப்புக்கு நேர் எதிரே ஒரு லாட்ஜ் இருக்கு மேடம். நைட் சர்வீஸ் முடிச்சு வர்ற டிரைவர், கண்டக்டர், வார்டு ஆளுங்க எல்லாம் பகல்ல படுக்கறது அங்கதான். ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் உள்பக்கம் கறுப்புப் பெயிண்ட். காலையில எட்டு மணிக்கு மேல வராண்டாவுல இருமினாக்கூட மேனேஜர் முறைப்பார். நானே அங்க எத்தனையோ வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், தலையணையோட."

முப்பத்தொரு வருஷம், தினமும் காலையில், தூக்கக் கலக்கத்தோடு பஸ்ஸுக்கு நின்றபடி அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்த கட்டடம்.

"அந்த ஸ்டாப்புக்கு வந்துடுங்க," என்று மேடம் போனை வைத்தாள். இரண்டாவது சங்கும் ஊதி, படகுகள் ஆளுக்கொரு திசையில் கிளம்பிப் போயின.

*

லாட்ஜ் வாசலில் விசில் விசிலை எடுத்தார். உள்ளே மேஜைக்குப் பின்னாலிருந்த லாட்ஜ்காரர் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊதினீங்க, அவ்வளவுதான்," என்றார் கிசுகிசுப்பாக. "மேலே நாற்பது பேர் தூங்கறாங்க."

மேடம் படத்தைக் காட்டினாள். அவர் முகம் மலர்ந்தது. "நம்ம சிஸ்டர்! மூணாவது மாடி, கடைசி ரூம். நேத்து காலையில எட்டேகாலுக்கு வந்தாங்க."

"உயிரோட..." மேடம் உடனே மாற்றிக் கேட்டாள். "நல்லா இருக்காங்களா?"

"என்ன இப்படிக் கேட்கறீங்க? நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்து வந்தாங்க. ராத்திரி பூரா இதோ இந்த நாற்காலியில உட்கார்ந்து பேசிட்டிருந்தாங்க. ஒரு டிரைவருக்கு விரல்ல அடி, கட்டுப் போட்டு விட்டாங்க. எனக்கு பிரஷர் பார்த்து, உப்பைக் குறைன்னு திட்டினாங்க. காலையில ஏழு மணிக்கு மேல போய்ப் படுத்தாச்சு. இப்பவும் குறட்டைச் சத்தம் படி வரைக்கும் கேட்குது." அவர் மேஜை டிராயரை இழுத்தார். "நேத்து வந்ததுமே இதைத் தூரப் போடுன்னு கொடுத்தாங்க. மாத்திரையாச்சேன்னு எனக்குத்தான் மனசு வரல."

தூக்க மாத்திரைப் பட்டை. மேடம் விரல் வைத்து எண்ணினாள். பத்தும் இருந்தன. அப்படியே பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வரும்போது இவ்வளவு அசதியாக இருக்குமென்று அவளுக்குத் தெரியாது. விசில் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

"தூசி," என்றார்.

கால் மணி நேரத்தில் மகள் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். மேடம் பட்டையை அவள் கையில் வைத்தாள். மகள் எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

"யார் இந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்தது?" என்று மேடம் மெதுவாகக் கேட்டாள்.

"நான்தான். ராத்திரியெல்லாம் முழிச்சு உட்கார்ந்திருந்தாங்க மேடம். ரிட்டையராகியும் இப்படி இருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்னு டாக்டர்கிட்ட கேட்டு வாங்கினேன். பகல்ல படுத்தா தட்டி எழுப்பி விட்டுடுவேன். இப்ப தூங்கினா ராத்திரி தூக்கம் வராதும்மான்னு. காலையில ஆறு மணிக்கு நானே போய்த் திரையை விலக்கி விடுவேன். நாலு மாசமா..." அவளே சொல்லி அவளே கேட்டுக்கொண்டாள். கண்ணீர் நின்றுவிட்டது. "நாலு மாசமா அம்மாவை நான் தூங்கவே விடலையா?"

மேடம் பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லல?" மகள் குரலில் இப்போது கோபமும் கலந்தது. இரண்டு நாள் பட்ட பாட்டுக்கு அந்தக் கோபம் நியாயம்தான். "நான் என்ன பாடு பட்டுட்டேன்! எழுப்பிக் கேட்கிறேன்."

யாரும் தடுப்பதற்குள் படியேறிவிட்டாள். மேடமும் விசிலும் பின்னாலேயே ஏறினார்கள். மூன்றாவது மாடி வராண்டா பட்டப்பகலிலும் இருட்டாக இருந்தது. கடைசி அறைக்குள்ளிருந்து குறட்டை, ஆற அமர, எந்த அவசரமும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

மகள் தட்டுவதற்குக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

கதவின் கைப்பிடியில் ஒரு அட்டை தொங்கியது. ஒரு சாண் அகலம். மூலைகள் மழுங்கி, நூல் மட்டும் புதுசு. அதில் சிவப்புக் கலர் பென்சிலால், கோணல் மாணலாக, ஒரு சின்னக் குழந்தையின் கையெழுத்து:

*அம்மா தூங்குது. தட்டினா அடி விழும்.*

கீழே ஒரு குட்டி முஷ்டி வேறு வரைந்திருந்தது.

மகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆணியில் என்ன தொங்கியது என்று மேடம் காலையில் கேட்டபோது ஞாபகம் வராதது, இப்போது வந்தது. "ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது எழுதினேன்," என்றாள். குரல் வெளியே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. "பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டித் தட்டி அம்மாவை எழுப்பிடுவாங்கன்னு. ஸ்கூல் விட்டு வந்து இங்க மாதிரியே கதவுக்கு வெளியே உட்கார்ந்து காவல் காப்பேன்."

ஓங்கிய கையை இறக்கினாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பாங்க," என்று மேடம் குனிந்து கிசுகிசுத்தாள். "இன்னும் நாலு மணி நேரத்துக்கு மேல இருக்கு."

"இருக்கட்டும்."

அவள் போன் அதிர்ந்தது. மாப்பிள்ளைதான். எடுக்காமல், *கிடைச்சுட்டாங்க. தூங்கறாங்க. போன் பண்ணாதீங்க* என்று தட்டி அனுப்பிவிட்டு, போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மேடம் கீழே இறங்கி வந்து லாட்ஜ்காரரின் மேஜை மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றினாள். "எனக்கும் ஒரு ரூம் கொடுங்க. எழுப்ப வேண்டாம். உலகமே அழிஞ்சாலும்."

"கேஸ் முடிஞ்சா வழக்கமா டீ வாங்கிக் கொடுப்பீங்க," என்றார் விசில் ஏமாற்றத்தோடு.

"நாளைக்கு."

சாவியை வாங்கிக்கொண்டு அவள் மறுபடி படியேறும்போது, மூன்றாவது மாடியில் பெருக்குகிற அம்மாள் வாளியும் துடைப்பமுமாக வராண்டாவில் திரும்பிக்கொண்டிருந்தாள். வாளியின் கைப்பிடி லேசாகக் கிணுகிணுத்தது. கடைசி அறை வாசலில் உட்கார்ந்திருந்தவள் உடனே எழுந்தாள். நாற்பதை நெருங்குகிற பெண், வெறுங்காலில், குதிகால் தரையில் படாமல் நாலடி ஓடி வந்து வாளியின் குறுக்கே நின்று, உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

பெருக்குகிற அம்மாள் சத்தமில்லாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். மகள் காவலுக்குப் போய் உட்கார்ந்தாள்.